உருவம் அதே, இழுவை வேறு

1972ஆம் வருடத்து மார்க் 2 அம்பாசடர். கட்டம் போட்ட கிரில், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே நீள சீட். நாகர்கோவில் வடசேரியிலிருந்து விடியற்காலையில் கிளம்பிய அந்த வண்டிக்குப் பார்வைக்கு நோய் எதுவும் இல்லை. நோய் அதன் உடைமையாளருக்கு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அவர். பக்கத்தில் அக்கா மகன், பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவன்.

"இழுவ கூடணும் மக்கா. ஆனா பானெட்டத் தொறந்தா எங்கப்பா வாங்குன இன்ஜினாத்தான் தெரியணும்."

"அப்ப ரெண்டுங்கெட்டான் வேலதான் மாமா."

பழைய கார் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களின் ஆசை இதுதான். சாலையில் இன்றைய மாருதிக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போவது அலுத்துவிடுகிறது. ஆனால் அலாய் வீலும் பானெட்டில் காற்றுப் பொந்தும் வைத்தால் வண்டியைப் பார்க்கவே பிடிக்காது. அதனால் திட்டம் இவ்வளவுதான்: திருவனந்தபுரத்தில் பழைய வண்டிகளில் கைதேர்ந்த பட்டறை ஆசான் ஒருவரைப் பார்ப்பது, மறுநாள் பொன்முடி ஏற்றத்தில் வண்டியை விட்டுப் பார்ப்பது.

இந்தச் சாலைக்கே இந்த விஷயத்தில் ஒரு முன்கதை உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சி எல்லைக்குள் இருந்தவை. கன்னியாகுமரிவரை போகும் இந்தச் சாலைக்கு 1930களிலேயே சிமெண்ட் காங்கிரீட் போட்டது திருவிதாங்கூர் அரசு. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி, சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், அரசு பஸ் ஓடத் தொடங்கியது. அதை நடத்துவதற்கு லண்டன் பாசஞ்சர் டிரான்ஸ்போர்ட் போர்டில் வேலை பார்த்த ஈ.ஜி. சால்டர் என்பவரை வரவழைத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து 60 காமர் சேஸிஸ் கப்பலில் வந்தன. சேஸிஸ்தான் காமர், அதில் உட்கார்ந்திருந்தது பெர்கின்ஸ் டீசல் இன்ஜின். பாடியைத் துறையின் ஆட்களே இங்கே கட்டினார்கள். ஆக, பெயர்ப்பலகை ஒரு கம்பெனியுடையது, இன்ஜின் வேறு கம்பெனியுடையது, உடம்பு உள்ளூர்க் கைவேலை. இன்றைய கேரள அரசு போக்குவரத்துக் கழகம் வளர்ந்தது அந்த வண்டிகளிலிருந்துதான். ஒரு வண்டி ஒரே கம்பெனியின் உள்ளும் புறமுமாக இருந்தால்தான் 'அசல்' என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், கேரளத்தின் முதல் அரசு பஸ்ஸையே தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாம் கியர் திணறியது. மாமா இரண்டாவதுக்கு இறக்கினார். பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்தி எடுத்தது.

இந்த அம்பாசடரின் இன்ஜின் 1489 சிசி. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி இது. புதிதாக இருந்தபோதே 50, 55 குதிரைத்திறன்தான். மந்திரியும் மணப்பெண்ணும் ஏறிய வண்டிக்கு அது போதும் என்று நினைத்தார்கள்.

ஆனால் இதே 1489 சிசி இன்ஜின் இங்கிலாந்தில் இன்னொரு வேஷம் கட்டியது. 1955இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரும் கூடுதல் அழுத்த விகிதமும் கொடுத்தபோது, அது 68 குதிரைத்திறன் காட்டியது. பிறகு 72 ஆனது. அதே குடும்பத்து பிளாக்கை 1798 சிசிக்குப் பெரிதாக்கி 1962இல் எம்.ஜி.பி. காரில் வைத்தபோது 95. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பிகள் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். வித்தியாசம் எல்லாம் மூச்சில்தான் இருக்கிறது. எவ்வளவு காற்று உள்ளே போகிறது, எவ்வளவு நெருக்கப்படுகிறது, எரிந்தது எவ்வளவு சுலபமாக வெளியேறுகிறது என்பதே கணக்கு.

பி-சீரிஸ் ஹெட்டில் அந்த மூச்சுக்கு ஒரு பிறவித் தடை உண்டு. நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்டேக் துவாரங்கள். ஒரே வாசலை இரண்டு சிலிண்டர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். புகை போகும் பக்கம் நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே துவாரம். ஹாரி வெஸ்லேக் என்ற காற்றோட்ட நிபுணர் எரியும் அறையின் வடிவத்தைத் திறமையாகவே அமைத்திருந்தார். ஆனாலும் வாசல் எண்ணிக்கையை மாற்ற முடியாது. அதனால் துவாரத்தின் உட்சுவரை வழவழப்பாக்குவதும், கேஸ்கெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் படிபோல் நிற்கும் விளிம்பைத் தேய்த்து எடுப்பதும் இந்த இன்ஜினில் பெரிய வேலைகள். கழற்றி மாட்டிய பிறகு கண்ணுக்கு எதுவும் தெரியாது. சென்னைக்கு வெளியே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில், கடைக்குப் போகிற பியட்டையும் அம்பாசடரையும் பந்தய வண்டியாக்கியவர்கள் செய்ததில் பாதி இந்த அர வேலைதான். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் பெயரை அந்தத் தலைமுறை இன்னும் மரியாதையோடு சொல்கிறது. அந்த ஊர்ப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

களியக்காவிளை தாண்டியதும் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுகிறது. சாலை மட்டும் அப்படியே வளைந்து வளைந்து போகிறது. மருமகனுக்கு வேறு ஒரு யோசனை இருந்தது.

"இசுசு இன்ஜின் போட்டிரலாமே மாமா. சத்தமில்லாம ஓடும்."

அது வெறும் பேச்சு அல்ல. கம்பெனியே செய்த காரியம். 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பானிய இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் அம்பாசடருக்குள் வைத்து '1800 ஐ.எஸ்.ஸட்.' என்று விற்றது. ஏறத்தாழ 75 குதிரைத்திறன். கான்டெஸ்ஸாவில் ஏற்கெனவே ஓடிய இன்ஜின் அது. வெளித்தோற்றத்தில் பெரிய மாற்றம் இல்லை. அதே திரண்ட தோள், அதே வட்ட விளக்கு. பழைய இன்ஜினை ஓட்டிப் பழகிய டாக்ஸிக்காரர்கள் புதியதில் ஏறி முதல்முறை மிதித்தபோது முகம் மாறியது என்பார்கள். உருவத்தை வைத்துக்கொண்டு பலத்தைக் கூட்டும் கலையில் இந்தியாவின் மிகப் பெரிய உதாரணம் எது என்று கேட்டால், ரகசியப் பட்டறை எதையும் தேட வேண்டாம். 2014 மே மாதம் தயாரிப்பு நிற்கும்வரை உத்தர்பாராவின் வாசல் வழியாகவே அது வெளியே வந்துகொண்டிருந்தது.

பாலராமபுரத்தில் நெசவுக்காரர்கள் தறிக்குப் போகும் நேரம். நேமம், பாப்பனம்கோடு, கரமனை ஆற்றுப் பாலம். வண்டி நகரத்துக்குள் நுழைந்தபோது வெப்பமானி முள் பாதியைத் தாண்டி நின்றது.

பட்டறை ஒரு சந்துக்குள். தகரக் கூரைக்கடியில் ஒரு பியட், எலும்பாக நிற்கும் ஒரு ஜீப், லேத்து மெஷின். ஆசான் வந்ததும் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. முதலில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிறகுதான் நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்து மருமகனை செல்ஃப் அடிக்கச் சொன்னார். மூன்றாவது சிலிண்டரில் முள் பாதி வழியிலேயே களைத்து நின்றுவிட்டது. கொஞ்சம் எண்ணெயை உள்ளே விட்டு மறுபடி அளந்தார். முள் அசையவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து முள் ஏறியிருக்கும். ஏறாததால் வால்வுதான்.

"அண்ணாச்சி, ஒள்ள குதிர எல்லாம் முதல்ல வரட்டு. பொறவு புதுசு வாங்கலாம்."

பழைய இன்ஜினின் பலத்தைக் கூட்டுவது பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் அலமாரி அலமாரியாக உண்டு. அவை எல்லாவற்றையும்விட இந்த ஒரு வாக்கியத்துக்குப் பொருள் அதிகம். 50 வயதான இன்ஜின், கம்பெனி எழுதிக்கொடுத்த எண்ணை எப்போதோ மறந்திருக்கும். உட்காராத வால்வு, தளர்ந்த டைமிங் சங்கிலி, எடை தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர், பாதி அடைத்த சைலன்சர் என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குதிரையை அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருக்கும். அவற்றைத் திரும்பக் கட்டிய பிறகு பாதிப் பேருக்கு மேற்கொண்டு ஆசையே வராது.

வால்வு போன காரணத்தில் நாட்டு வரலாறும் கொஞ்சம் இருக்கிறது. இந்த இன்ஜின் பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது இன்ஜின் தட்டாமல் காத்ததோடு, வெளியேற்றும் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தையும் தடுத்தது. 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுக்க ஈயமில்லா பெட்ரோல் வந்தது. குழந்தைகளின் மூளைக்கு நல்லது, பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுக்குக் கெடுதல். அதற்குத் தீர்வு, ஹெட்டைக் கடைந்து கெட்டிப்படுத்திய எஃகு வளையங்களை வால்வு சீட்டாக இறக்குவது. அந்த வேலைக்கு ஹெட் கழன்று லேத்துக்குப் போகும் அன்றைக்கே மற்ற வேலைகளையும் பார்த்துவிடலாம் என்பது ஆசானின் கணக்கு.

முதலில் ஹெட்டை ஸ்கிம் செய்வது. அந்தக் காலத்து மட்டமான பெட்ரோலுக்குப் பயந்து அழுத்த விகிதத்தைத் தாழ்த்தியே வைத்திருந்தார்கள். ஹெட்டின் அடிப்பரப்பை மெல்லச் சீவி, 7.2 இருந்ததை 8.3 ஆக்கினால், ஏட்டுக் கணக்குப்படி அதே பெட்ரோலில் நாலு முதல் ஐந்து சதவீதம் கூடுதல் வேலை கிடைக்கும். அடுத்தது சிலிண்டர். இந்த இன்ஜினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 73.025 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரை '40 தவு' (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு) கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் கொள்ளளவு 1531 சிசி ஆகிவிடும். 42 சிசி இலவசம். கேம் ஷாஃப்டைத் திரும்பக் கடைந்து வால்வை அதிக நேரம் திறந்து வைப்பது மூன்றாவது யோசனை. அதில் ஆசானுக்கு விருப்பம் இல்லை. மேலே சுழற்சி ஏறும்போது பலம் கூடும், கீழே குறையும். சிக்னலில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு இந்த இன்ஜினின் கிராங்கைத் தாங்குவது மூன்றே பேரிங்குகள். எம்.ஜி.பி.யிலேயே 1964இன் கடைசியில் ஐந்து பேரிங் கொடுத்தார்கள். அடியில் பலமில்லாமல் மேலே கூட்டிக்கொண்டே போனால் செலவு வேறு திசையில் வரும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டையும் கண்டன்சரையும் எடுத்துவிட்டு, அதே மூடிக்கடியில் மின்னணு இக்னிஷனை ஒளித்து வைக்கலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூடுதல் ஒயர் மட்டுமே காட்டிக்கொடுக்கும். டைனமோ போலவே கூடு செய்து அதற்குள் ஆல்டர்னேட்டரை வைத்தும் விற்கிறார்கள். இந்த ஒளிப்பு வேலை மேல்நாட்டில் பெரிய வியாபாரம். வெபர் கார்புரேட்டர் போலவே தோன்றும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் த்ராட்டில் பாடிகளை பிரிட்டனின் ஜென்வி நிறுவனம் தயாரிக்கிறது. கலிஃபோர்னியாவில் 2009இல் தொடங்கிய சிங்கர் என்ற பட்டறை, போர்ஷே 911 கார்களைப் பிரித்து 4 லிட்டர் இன்ஜினோடு திரும்பக் கட்டுகிறது. உருவம் 1960களுடையது, விலை மாளிகைக்குரியது. அதைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. அந்த வண்டிகளில் பழையது என்று மிஞ்சுவது கொஞ்சம்தான்.

"பெட்ரோல் ஆணு இப்ப பெரிய தலவலி" என்று ஆசான் கார்புரேட்டரைக் கையிலெடுத்தார். உள்ளே ரப்பர் டயஃப்ரம் உப்பிப்போய் இருந்தது. 2025இல் நாட்டின் பெட்ரோல் பங்குகளில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டது. இ20 பெட்ரோலைக் குறை சொல்வது பழைய வண்டிக்காரர்களிடம் இப்போது வாடிக்கை. பழைய ரப்பர், பழைய குழாய், ஈயம் பூசிய டாங்க் ஆகியவற்றுக்கு அது ஆகாது என்பது உண்மை. லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி குறைவு என்பதும் உண்மை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் வழியாகப் போகும் கலவை மெலிந்து, இன்ஜின் சூடாகி, மிதித்தால் தயங்கும். ஆனால் எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம். அழுத்த விகிதத்தைக் கூட்டிய இன்ஜினில் தட்டல் வராமல் காப்பதற்கு அது கைகொடுக்கும். ரப்பரை மாற்றி, ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால், ஹெட் சீவியவருக்கு இ20 தோழன்தான். மருமகன் இதை ஒத்துக்கொள்ள அரை மணி நேரம் வாதாடினான்.

மதியம் வண்டி பட்டம் பக்கம் போனது. பட்டம் அரண்மனை வாசலில் நிறுத்தி வெளியிலிருந்து பார்க்க மட்டுமே முடியும். ஆனால் திருவனந்தபுரத்தில் பழைய கார் பற்றிப் பேசிவிட்டு இந்த வாசலைத் தாண்டிப் போவது முறையல்ல. 2013 டிசம்பர் 16ஆம் தேதி 91 வயதில் மறைந்த, திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950களில் 12,000 ரூபாய்க்கு வாங்கிய மெர்சிடஸ் பென்ஸ் 180 காரைக் கடைசிவரை கைவிடவில்லை. கர்நாடகத்தில் பதிவான வண்டி, சி.ஏ.என். 42 என்ற எண் ஊருக்கே தெரியும். அதில் 23 லட்சம் மைல் போயிருக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. 58 வருடத்துக்கு வகுத்தால் தினமும் 170 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பாதியைத் தள்ளிக் கொடுத்தாலும் மிஞ்சுவது சாதாரணக் கணக்கல்ல. இரண்டு புதுக் கார் தருகிறோம், பழையதைக் கொடுங்கள் என்று பென்ஸ் கம்பெனி கேட்டதாகவும் அவர் மறுத்ததாகவும் சொல்வார்கள். அந்த வண்டியைத் தொழிலதிபர் எம்.ஏ. யூசஃப் அலிக்கு அரச குடும்பம் தரப்போவதாக 2022இல் செய்தி வந்தது.

23 லட்சத்தை நம்பாதவர்களுக்கு ஓர் அமெரிக்கச் சாட்சி உண்டு. இர்வ் கோர்டன் என்ற பள்ளி ஆசிரியர், 1966இல் வாங்கிய வால்வோ பி1800 காரில் 2013ஆம் ஆண்டு 30 லட்சம் மைலைத் தொட்டார். சாட்சி ஆசிரியர் என்றதும் மாமாவின் முகத்தில் ஒரு தனித் திருப்தி.

பென்ஸ் 180 இந்தக் கட்டுரைக்கு வேறு காரணத்தாலும் வேண்டியிருக்கிறது. 1953இல் வந்த அந்த வரிசையின் பெட்ரோல் வண்டியில் 1.8 லிட்டருக்குச் சற்றுக் குறைந்த பக்கவால்வு இன்ஜின், 52 குதிரைத்திறன். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வடிவமைப்பு. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே நிற்கும். அதனால் காற்று வளைந்து நெளிந்துதான் உள்ளே வர வேண்டும். அதில் ஹெட்டைச் சீவி அழுத்தம் கூட்டினால் வால்வுக்கு மேலே இருக்கும் வழி குறுகிவிடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குகிற கதை. கம்பெனி அந்த இன்ஜினோடு மல்லுக்கட்டவில்லை. 1957இல் அதே உடம்புக்குள், தலைமேல் கேம் ஷாஃப்ட் சுழலும் 1.9 லிட்டர் இன்ஜினை வைத்து 180ஏ என்று பெயர் கொடுத்தது: 65 குதிரைத்திறன். அதன் கூடப்பிறந்த இன்ஜின் 190 காரில் 75 தந்தது. இரட்டைக் கார்புரேட்டரோடு 190எஸ்.எல். ஸ்போர்ட்ஸ் காரில் 105. தெருவில் ஒரு 180உம் ஒரு 180ஏவும் அடுத்தடுத்துப் போனால் நின்று பார்க்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வித்தியாசம் தெரியாது.

காமர், பென்ஸ், அம்பாசடர் எல்லாம் செய்ததை ஒரு தனிமனிதர் செய்தால் மட்டும் ஏன் குற்றமாகிறது? இந்தக் கேள்விக்குக் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே தீர்ப்பு வந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்வாகப் படித்தது. வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகளின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9ஆம் தேதி அதை மாற்றி, கம்பெனி கொடுத்த வடிவமே வடிவம் என்று இறுக்கியது. அதற்குப் பிறகு கேரள மோட்டார் வாகனத் துறை காட்டிய கெடுபிடி ஊரறிந்தது. 2021இல் கண்ணூரில் யூடியூப் சகோதரர்கள் இருவரின் அலங்கார வேனைப் பிடித்து வைத்தபோது, மாநிலமே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. இன்ஜினை மாற்றுவதானால் முன்கூட்டியே அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணும் கொள்ளளவும் எழுதப்பட்டிருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கிட்டோடு பெட்ரோல் இன்ஜினையே தூக்கி எறிந்து பேட்டரி வைக்க அதே 52ஆம் பிரிவு வழிவிடுகிறது. மூச்சுக் குறைந்த இன்ஜினுக்குப் பதில் கொஞ்சம் பெரிய இன்ஜினை வைப்பதுதான் கஷ்டம்.

மாமாவின் வண்டிக்கு இன்னொரு சிக்கல். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டிய கார், பைக்குகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிவாகும் வண்டியின் நம்பர் பலகையில் வி.ஏ. என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பிறகு மறுபதிவு செய்ய 5,000. 1972 வண்டி தகுதி பெற்றுவிட்டது. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரி ஓட்டத்துக்கும் அந்தப் பதிவு உதவாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் என்று காரணம் வேண்டும். இசுசு இன்ஜின் வைத்தால் விண்டேஜ் கனவு முடிந்தது. வால்வு சீட் மாற்றுவதை எந்த அதிகாரியும் மாற்றம் என்று சொல்ல மாட்டார்; அது பழுதுபார்ப்பு. 40 தவு போரிங்கும் தேய்ந்த இன்ஜினுக்குக் கம்பெனியே அனுமதித்த ஓவர்சைஸ்தான், என்றாலும் காகிதத்தில் இருக்கும் 1489 இனி உண்மை ஆகாது. ஆசான் இந்த இடத்தில் கையை விரித்தார். "அது ஒங்க மனசாட்சி அண்ணாச்சி."

மறுநாள் பேரூர்க்கடை வழியாக நெடுமங்காடு. அங்கிருந்து கொஞ்சம் விலகிப் போனால் வலியமலை, இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் இருக்கும் ஊர். பழைய கார்க்காரருக்கு ராக்கெட்டில் என்ன வேலை என்று தோன்றலாம். பி.எஸ்.எல்.வி.யையும் ஜி.எஸ்.எல்.வி.யையும் தூக்கும் விகாஸ் இன்ஜினின் வீடு இதுதான். 1974இல் பிரான்சோடு போட்ட ஒப்பந்தத்தில் வைக்கிங் இன்ஜின் தொழில்நுட்பத்தைப் படித்துவரச் சென்ற இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்பி நாராயணன், நாகர்கோவிலில் பிறந்தவர். அந்த விகாஸுக்கு வயதான பிறகு, வேறு இன்ஜின் தேடாமல், எரியும் அறையின் அழுத்தத்தைக் கூட்டி, உந்துவிசையை ஏறத்தாழ 6 சதவீதம் உயர்த்தினார்கள். 2018 மார்ச் 29இல் ஜி.எஸ்.எல்.வி. எஃப்08 அந்த இன்ஜினோடு பறந்தது. ஹெட்டைச் சீவி அழுத்தம் கூட்டுகிற ஆசானும் வலியமலைப் பொறியாளரும் பிடித்திருப்பது ஒரே நூலின் இரண்டு முனைகளை. மருமகன் இதைச் சொன்னபோது மாமா, "நம்ம ஊர்க்காரன்லா" என்று மட்டும் சொல்லி ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தார்.

விதுரை தாண்டிக் கல்லாற்றில் ஏற்றம் தொடங்குகிறது. பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி சுமார் 1,100 மீட்டர். எவ்வளவு குதிரைத்திறன் வேண்டும் என்ற விவாதத்தை இந்த மலை சீக்கிரம் முடித்துவைக்கும். நான்கு பேரும் சாமானுமாக அம்பாசடர் 1,400 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பத்துக்கு ஒன்று சரிவில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் தேவைப்படுவது சுமார் 15 குதிரைத்திறன். உராய்வுக்கு இன்னும் கொஞ்சம். வண்டியிடம் அது தாராளமாக இருக்கிறது, குறைந்த சுழற்சியில் இருக்கிறதா என்பதுதான் விஷயம். வளைவில் வேகம் விழுந்து, இன்ஜின் சுழற்சி இறங்கி, மறுபடி மிதிக்கும் அந்த நொடியில் இழுக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கேம் போட்டிருந்தால் இங்கேதான் அழுதிருக்கும். ஆசான் வேண்டாம் என்றது ஏன் என்று ஐந்தாவது வளைவில் மருமகனுக்குப் புரிந்தது.

மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தியும் குறைகிறது. 1,100 மீட்டரில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விடும்; அதே அளவு பலமும் போகும். மூன்றாவது சிலிண்டர் பாதி மூச்சில் ஓடும் வண்டிக்கு அது இரட்டை அடி. பன்னிரண்டாவது வளைவில் முதல் கியர். தேயிலைத் தோட்டம் தெரிந்த இடத்தில் வெப்பமானி முள் சிவப்பை உரசியது. ஓரம்கட்டிப் பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டரின் நடுப்பகுதி சுடுகிறது, ஓரங்கள் ஆறிக் கிடக்கின்றன. பாதிக் குழாய்கள் அடைத்துவிட்டன என்று அர்த்தம். பலம் கூட்டினால் வெப்பமும் கூடும். வெளிச்சட்டம் அப்படியே இருக்க, உள்ளே குழாய் வரிசையை ஒன்று கூட்டி ரேடியேட்டரைத் திரும்பக் கட்டுவது பட்டறைக்காரர்கள் தினமும் செய்கிற காரியம். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

இறக்கத்தில் அதைவிடப் பெரிய பாடம் காத்திருந்தது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மணிக்கு 80இல் போகிற வண்டியை 100க்குக் கொண்டுபோனால் வேகம் கூடுவது கால் பங்கு. நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டாம் கியரில் இன்ஜினைப் பிடித்து இறங்கியும், ஒன்பதாவது வளைவில் மிதி தழைந்து, கருகல் வாசம் உள்ளே வந்தது. பின்னால் வந்த டாக்ஸிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஆற விடுங்கள் என்று மலையாளத்தில் கத்திவிட்டுப் போனார்.

கல்லாறு பாலத்தருகே சாயா குடித்துக்கொண்டே மருமகன் செல்போனில் பட்டியல் எழுதினான். முதல் இடத்தில் இருந்த இசுசுவை அழித்தான். பிரேக் டிரம் கடைசல், புது லைனிங், வெளியே தெரியாத இடத்தில் ஒரு வாக்குவம் பூஸ்டர். அடுத்து ரேடியேட்டர். பிறகு ஹெட்: வால்வு சீட், ஸ்கிம், துவாரத் தேய்ப்பு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்னணு இக்னிஷன். எத்தனாலைத் தாங்கும் ரப்பர், ஒரு படி பெரிய ஜெட். போரிங் என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டான்.

"சைலன்சர எழுதுனியா?"

"அது ஓட்டையாத்தான கெடக்கு மாமா. மாத்துனா சத்தம் கொறஞ்சிரும், பரவாயில்லியா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "அதயும் எழுது."

ஆசானுக்குப் போன் போட்டபோது, திங்கட்கிழமை லேத்துக்காரர் வர மாட்டார், செவ்வாய்க்கிழமை ஹெட்டைக் கழற்றலாம் என்று பதில் வந்தது.